தராசைத் தூக்கி வந்தால் பாக்கி வராது



பாக்கி வசூல் என்பது நம் தொழிலில் பாதி. சரக்கு விற்பது எளிது. விற்ற சரக்கின் பணத்தைக் கல்லாவுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதில்தான் வியாபாரியின் திறமை இருக்கிறது.

நான் தொழில் தொடங்கிய காலத்தில், நான்கு மாதப் பாக்கி வைத்திருந்த ஒரு சில்லறைக் கடைக்காரரிடம் வசூலுக்குப் போனேன். பேச்சு முற்றியது. அவருடைய தராசையும் எடைக்கற்களையும் தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டு, "பணத்தைக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். தராசு இல்லாமல் அவர் எதை நிறுத்து விற்பார்? இரண்டு மாதத்தில் கடை மூடிவிட்டது. தராசு என் கிட்டங்கி மூலையில் துருப்பிடித்தது. பாக்கியில் ஒரு ரூபாய் கூட வரவில்லை.

நான் ஒரு கடையில் செய்த இந்தத் தவற்றை, அமெரிக்காவில் சில மாநில அரசுகள் லட்சக்கணக்கான மக்களிடம் செய்தன. செய்துவிட்டு, பல ஆண்டுகள் கழித்துச் சட்டம் போட்டுத் திருத்திக்கொண்டன. வாகன ஓட்டிகள் மீது விதித்த கூடுதல் கட்டணத்தை அவை எப்படிக் கொண்டுவந்தன, ஏன் கைவிட்டன என்பதைப் படித்தபோது, இது நாம் பேரேட்டின் முன் உட்கார்ந்து படிக்க வேண்டிய பாடம் என்று தோன்றியது.

அபராதத்துக்கு மேல் ஒரு கட்டணம்

அமெரிக்காவில் சாலை விதிகளையும் ஓட்டுநர் உரிமத்தையும் அந்தந்த மாநிலமே கவனிக்கிறது. வேகமாகப் போனாலோ, காப்பீடு இல்லாமல் ஓட்டினாலோ, குடித்துவிட்டு ஓட்டினாலோ நீதிமன்றம் அபராதம் விதிக்கும். அதைக் கட்டினால் கணக்கு முடிந்தது என்றுதான் எவரும் நினைப்பார்கள்.

ஆனால் சில மாநிலங்கள் இந்த அபராதத்துக்கு மேல், ஆண்டுதோறும் கட்ட வேண்டிய இன்னொரு கட்டணத்தையும் வைத்தன. நியூஜெர்சி மாநிலம் 1980களிலேயே இப்படி ஒன்றைத் தொடங்கியது. மிச்சிகன், டெக்சாஸ் ஆகிய இரு மாநிலங்களும் 2003இல் சட்டம் இயற்றின. வர்ஜீனியா 2007இல் அதே வழியில் போனது.

தவறு செய்யும் ஓட்டுநரே அதன் செலவைச் சுமக்கட்டும், சாலையில் ஒழுக்கம் வரட்டும் என்பது வெளியே சொல்லப்பட்ட காரணம். உள்ளே இருந்த காரணம் பணத் தேவை. மிச்சிகனில் 2003இல் வரவு செலவுத் திட்டத்தில் பெரிய துண்டு விழுந்தது. கட்டணப் பணத்தில் பெரும்பகுதி அரசின் பொதுக் கணக்குக்கே போனது. டெக்சாஸில் ஏறத்தாழப் பாதி பொதுக் கணக்குக்கும், ஏறத்தாழப் பாதி விபத்துச் சிகிச்சை அளிக்கும் மருத்துவமனைகளுக்கும் என்று பிரித்தார்கள். வர்ஜீனியாவில் சாலைப் பணிகளுக்குப் பணம் தேடிய ஒரு பெரிய சட்டத்தின் பகுதியாகவே இது வந்தது. ஆண்டுக்கு சுமார் 6.5 கோடி டாலர் வரும் என்று எதிர்பார்த்தார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

மிச்சிகன் சட்டத்தில் கட்டணம் இரண்டு வகை. முதல் வகை புள்ளிக் கணக்கு. ஒவ்வொரு விதிமீறலுக்கும் ஓட்டுநரின் பெயரில் புள்ளிகள் ஏறும். இரண்டு ஆண்டுகளில் 7 புள்ளி சேர்ந்துவிட்டால் 100 டாலர். அதற்கு மேல் ஒவ்வொரு புள்ளிக்கும் 50 டாலர். புள்ளிகள் 7 அல்லது அதற்கு மேல் இருக்கும் ஒவ்வோர் ஆண்டும் இதைக் கட்ட வேண்டும். இரண்டாம் வகையில் குறிப்பிட்ட குற்றங்களுக்குக் குறிப்பிட்ட தொகை. குடித்துவிட்டு ஓட்டினால் ஆண்டுக்கு 1,000 டாலர் வீதம் இரண்டு ஆண்டு. உரிமம் முடக்கப்பட்ட நிலையில் ஓட்டினால் ஆண்டுக்கு 500 டாலர் வீதம் இரண்டு ஆண்டு. காப்பீட்டுச் சான்று காட்டாவிட்டால் ஆண்டுக்கு 200 டாலர் வீதம் இரண்டு ஆண்டு.

கூலி வேலை செய்யும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். காப்பீட்டுச் சான்று இல்லாமல் ஒரு நாள் மாட்டிக்கொள்கிறார். நீதிமன்ற அபராதத்தை எப்படியோ கட்டிவிடுகிறார். பிறகு தபாலில் கட்டண அறிவிப்பு வருகிறது: 200 டாலர், அடுத்த ஆண்டும் 200 டாலர். அவரிடம் பணம் இல்லை. அல்லது வீடு மாறிவிட்டார். தபால் பழைய விலாசத்துக்குப் போய்விட்டது. பணம் கட்டாததால் உரிமம் முடக்கப்படுகிறது. மறுநாளும் அவர் வேலைக்குப் போயாக வேண்டும். வண்டியை எடுக்கிறார். மறுபடி மாட்டுகிறார். இப்போது குற்றம், முடக்கப்பட்ட உரிமத்தோடு ஓட்டியது. கட்டணம் 500 டாலர், இரண்டு ஆண்டுக்கு. ஆக 400 டாலர் பாக்கி 1,400 டாலர் ஆகிவிட்டது. நீதிமன்ற அபராதங்கள் தனி. உரிமத்தைத் திரும்பப் பெற 125 டாலர் தனி.

டெக்சாஸில் தவணை மூன்று ஆண்டு. காப்பீடு இல்லாமல் ஓட்டினால் ஆண்டுக்கு 250 டாலர்; மூன்று ஆண்டில் 750. கட்டாமல் உரிமம் போய், அந்த நிலையில் ஓட்டி மாட்டினால் அதற்கும் ஆண்டுக்கு 250, இன்னொரு 750. இரண்டும் சேர்ந்து 1,500 டாலர். முதல் 250 டாலரையே கட்ட முடியாதவர் இதை எப்படிக் கட்டுவார்?

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. காப்பீடு எடுக்காதவர்களில் பலர் துணிச்சலால் எடுக்காதவர்கள் இல்லை. பணம் இல்லாததால் எடுக்காதவர்கள். மிச்சிகனில், குறிப்பாக டெட்ராய்ட் நகரில், வாகனக் காப்பீட்டின் விலை அந்த நாட்டிலேயே மிக அதிகமான இடங்களில் ஒன்றாக இருந்தது. அங்கே பேருந்து வசதியும் குறைவு. இருப்பவர் ஒருமுறை கட்டிவிட்டு வெளியே வந்துவிடுவார். இல்லாதவர்தான் சுழலில் மாட்டிக்கொள்வார். ஒரே விகிதக் கட்டணம் இரண்டு பேருக்கும் ஒரே சுமையாக இருக்காது என்பது, கைமாற்று கொடுத்து வாங்கும் நமக்குத் தெரியாததா?

உழவு மாட்டைக் கட்டிவைக்கலாமா?

பாக்கிக்காக வழக்குப் போட்ட அனுபவம் நம்மில் சிலருக்கு உண்டு. தீர்ப்பு வாங்கிக்கொண்டு ஜப்தி செய்யப் போனால், எல்லாவற்றையும் எடுத்துவிட முடியாது. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 60ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. கைத்தொழிலாளியின் கருவிகளை ஜப்தி செய்யக் கூடாது. கடன்காரர் விவசாயியாக இருந்தால் அவருடைய உழவுக் கருவிகளையும், பிழைப்புக்குத் தேவையான மாடுகளையும், விதை தானியத்தையும் தொடக் கூடாது.

இந்தப் பிரிவு கடன்காரர் மீது வைத்த இரக்கம் என்று இளவயதில் நினைத்திருந்தேன். இப்போது யோசித்துப் பார்த்தால், அதில் கடன் கொடுத்தவருக்கும் நன்மை இருக்கிறது. மாடு இருந்தால் அவர் உழுவார், உழுதால் விளையும், விளைந்தால் நம் பாக்கி வரும். மாட்டைக் கட்டிவைத்தால் முதலுக்கே மோசம்.

கார் இல்லாமல் வேலைக்கும் போக முடியாத, காய்கறி வாங்கவும் போக முடியாத ஊர்களில், ஓட்டுநர் உரிமம் அந்த உழவு மாடுதான். சரக்கு வண்டி ஓட்டுபவருக்கு அதுவே முழுப் பிழைப்பு. அதை முடக்கி வைத்துவிட்டுப் "பணத்தைக் கட்டு" என்று அரசு கேட்டது. நான் தராசைத் தூக்கி வந்துவிட்டுப் பாக்கி கேட்டதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பலன் என்ன ஆனது? டெக்சாஸில் விதித்த கட்டணத்தில் பாதிக்கும் குறைவாகவே வசூலானது. அங்கே உரிமம் இழந்து நின்றவர்கள் 10 லட்சத்துக்கும் அதிகம். மிச்சிகனில் மூன்று லட்சத்துக்கும் அதிகமானவர்களிடம் சுமார் 63 கோடி டாலர் நிலுவை நின்றது. ஏட்டில் வரவு என்று எழுதி வைத்த தொகை. கல்லாவுக்கு வராத தொகை. நாம் இதை வராக்கடன் என்போம்.

முதலில் திருந்தியது வர்ஜீனியா

வர்ஜீனியாவில் 2007 ஜூலை 1 அன்று கட்டணம் நடைமுறைக்கு வந்தது. அபாயகரமாக ஓட்டியதற்கு மூன்று தவணையாக 1,050 டாலர். குடித்துவிட்டு ஓட்டியதற்கு 2,250 டாலர். பெருங்குற்றமாக இருந்தால் 3,000 டாலர். அந்த மாநிலத்தில் மணிக்கு 80 மைலுக்கு மேல் போனாலே அது அபாயகரமாக ஓட்டியதாகக் கருதப்பட்டது. நம் கணக்கில் சுமார் 128 கிலோமீட்டர்.

மக்களுக்குக் கோபம் வந்தது தொகையைப் பார்த்து மட்டும் இல்லை. கட்டணம் வர்ஜீனியாவில் குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான். வெளி மாநிலத்துக்காரர் அதே சாலையில் அதே வேகத்தில் போனால் சாதாரண அபராதத்தோடு போய்விடுவார். வெளியூரானிடம் வசூலிப்பது கடினம் என்பதால் உள்ளூரானிடம் மட்டும் வசூல். ஒரு கீழ் நீதிமன்ற நீதிபதி 2007 ஆகஸ்டில் இது சம நீதிக்கு எதிரானது என்று தீர்ப்பும் அளித்தார். மேல் நிலையில் அந்தத் தீர்ப்பு நிற்கவில்லை. ஆனாலும் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானோர் எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட்டார்கள்.

2008 மார்ச்சில் சட்டமன்றம் கட்டணத்தை நீக்கியது. ஆளுநர் டிம் கெய்ன் கையெழுத்திட்டார். அங்கே ஆளுநர் என்பவர் மக்கள் தேர்ந்தெடுக்கும் மாநிலத் தலைவர் என்பதை வாசகர்கள் நினைவில் வைக்கவும். கட்டியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரவும் அச்சட்டம் வழி செய்தது. ஒன்பதே மாதத்தில் தவறு திருத்தப்பட்டதால் இது முடிந்தது. பாக்கி முற்றுவதற்கு முன் கணக்கைத் தீர்ப்பது எவ்வளவு எளிது என்பதற்கு இது ஓர் உதாரணம்.

மிச்சிகனின் பதினைந்து ஆண்டுகள்

மிச்சிகனில் தவற்றை ஒப்புக்கொள்ளவே நெடுநாள் ஆனது. 2012 அக்டோபரில், காப்பீட்டுச் சான்று இல்லாதது போன்ற சிறிய குற்றங்களுக்கான 150, 200 டாலர் கட்டணங்களை மட்டும் நிறுத்தினார்கள். 2014இல் இன்னொரு சட்டம் வந்தது. மீதிக் கட்டணங்களைப் படிப்படியாகக் குறைத்து 2019 அக்டோபரோடு முழுவதும் நிறுத்துவது என்று முடிவானது.

இங்கேதான் வியாபாரிகள் கவனிக்க வேண்டிய நுணுக்கம் இருக்கிறது. புதிதாகக் கட்டணம் விதிப்பதை நிறுத்தினார்களே தவிர, பழைய நிலுவை அப்படியே நின்றது. 200 டாலர் கட்டணமே இனி இல்லை என்று ஆன பிறகும், அதே 200 டாலருக்காக முன்பு உரிமம் இழந்தவர் இழந்தபடியே இருந்தார். புதுக் கடனை நிறுத்துவது வேறு, பழைய பாக்கிக்கு ஒரு முடிவு கட்டுவது வேறு. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதையும் செய்துவிட்டதாக நினைப்பவர்கள் நம்மிலும் உண்டு.

கடைசியில் 2018 மார்ச் 1 அன்று ஆளுநர் ரிக் ஸ்னைடர், இரு கட்சியினரும் ஆதரித்த ஒரு சட்டத் தொகுப்பில் கையெழுத்திட்டார். 2018 செப்டம்பர் 30 அன்று நிலுவை முழுவதும் தள்ளுபடி. அக்டோபர் 1 முதல் புதுக் கட்டணமும் இல்லை. அதற்கு முன்பே உரிமம் வேண்டும் என்பவர்களுக்கு, 10 மணி நேரத் தொழில் பயிற்சியில் கலந்துகொண்டால் நிலுவை தீர்ந்ததாகக் கொள்ளும் வழியையும் வைத்தார்கள். இந்தக் கட்டணத்தால் உரிமம் இழந்தவர்களுக்கு, அதைத் திரும்பப் பெறும் 125 டாலரும் அந்த ஆண்டு இறுதிவரை தள்ளுபடி செய்யப்பட்டது.

63 கோடி டாலரை விட்டுவிட்டார்களே என்று சிலருக்குத் தோன்றலாம். விட்டது பணத்தையா, எழுத்தையா? வராது என்று தெரிந்த பாக்கியை ஆண்டுதோறும் ஏட்டில் முன்கொண்டு எழுதுவதால் நாம் பணக்காரர் ஆகிவிடுவதில்லை.

டெக்சாஸ் தேடிய மாற்று வழி

டெக்சாஸில் இந்தக் கட்டணம் கூடாது என்று நெடுநாளாகவே பேச்சு இருந்தது. தடையாக நின்றது மருத்துவமனைகளுக்குப் போய்க்கொண்டிருந்த பணம். விபத்தில் அடிபட்டு வருபவரைக் காப்பாற்றும் சிகிச்சைப் பிரிவுகள் இந்த வரவை நம்பி இருந்தன. கட்டணத்தை எடுத்தால் அவற்றுக்கு யார் கொடுப்பது? நியாயமான கேள்விதான்.

2019இல் அதற்கு ஒரு விடை கண்டார்கள். வாகனக் காப்பீட்டின் மீது வாங்கிய சிறு கட்டணத்தை 2 டாலரிலிருந்து 4 டாலராக உயர்த்தினார்கள். மாநிலப் போக்குவரத்து அபராதத்தை 30 டாலரிலிருந்து 50 டாலர் ஆக்கினார்கள். குடித்துவிட்டு ஓட்டுபவர்களுக்கு முதல் முறை 3,000 டாலர், மீண்டும் செய்தால் 4,500 டாலர், இரத்தத்தில் மதுவின் அளவு மிக அதிகமாக இருந்தால் 6,000 டாலர் என்று தண்டனையை நீதிமன்றத்திலேயே வைத்தார்கள். ஆளுநர் கிரெக் அபாட் கையெழுத்திட்ட இச்சட்டம் 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பழைய கட்டண நிலுவைகள் அன்றே நீங்கின. ஆறு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் உடனே உரிமம் பெறும் தகுதி அடைந்தார்கள். மற்றவர்களுக்கு வேறு வழக்குகளின் தடை மீதி இருந்தது.

சிலரிடம் பெரும் தொகையைக் கேட்டு வாங்க முடியாமல் நின்றவர்கள், பலரிடம் சிறு தொகையாக வாங்கும் வழிக்கு மாறினார்கள். ஒரு மூட்டையில் பெரிய லாபம் பார்க்காமல், நூறு மூட்டையில் சிறிய லாபம் பார்க்கும் மொத்த வியாபாரியின் கணக்கு இது. ஆனால் இதிலும் ஒரு குறை உண்டு. ஒழுங்காகக் காப்பீடு எடுத்து ஒழுங்காக ஓட்டுபவரும் அந்தக் கூடுதல் 2 டாலரைச் சுமக்கிறார்.

ஒழுங்காகக் கட்டியவருக்கு என்ன பதில்?

இந்தக் கேள்வியைத்தான் நான் பல நாள் யோசித்தேன். மிச்சிகனிலும் டெக்சாஸிலும், வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி முழுக் கட்டணத்தையும் செலுத்திவிட்டவருக்குப் பணம் திரும்பவில்லை. கட்டாமல் இருந்தவருக்குத் தள்ளுபடி. கட்டியவன் ஏமாளியா என்று அவர் கேட்டால் என்ன சொல்வது?

நம் கடைகளிலும் இது உண்டு. பத்து ஆண்டாகத் தவணை தவறாமல் கட்டும் வாடிக்கையாளரின் பக்கத்துக் கடைக்காரருக்கு நாம் பாதிப் பாக்கியைத் தள்ளிக் கணக்கு முடித்தால், செய்தி மாலைக்குள் அவர் காதுக்குப் போய்விடும். அவருக்கு வருத்தம் வருவது இயல்பு. அந்த வருத்தத்துக்குப் பயந்து, வராத பாக்கியைப் பிடித்துக்கொண்டு நிற்பதிலும் பயன் இல்லை. தள்ளுபடி கொடுக்கும்போதே, ஒழுங்காகக் கட்டுபவருக்கு ரொக்கக் கழிவோ, கூடுதல் தவணை நாளோ ஏதாவது ஒன்றைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். வர்ஜீனியா பணத்தைத் திருப்பியே கொடுத்தது. அந்த மாநிலத்தால் அது முடிந்தது, கணக்கு ஒன்பது மாதத்துக் கணக்கு என்பதால். பதினைந்து ஆண்டு தாமதித்தவர்களால் அது முடியவில்லை. தாமதத்தின் விலையைக் கடைசியில் நாணயமானவரே கொடுக்கும்படி ஆகிவிடுகிறது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை

முதலாவது, தண்டனை வேறு, வருமானம் வேறு. தாமதமாகக் கட்டுபவருக்கு வட்டி போடுவது அவரைச் சரியான நாளில் கட்ட வைப்பதற்காக. அந்த வட்டியையே வருமானமாக நம்பத் தொடங்கினால், அவர் தாமதிக்க வேண்டும் என்று நாமே விரும்பத் தொடங்கிவிடுவோம்.

இரண்டாவது, அசலைக் கட்ட முடியாதவரின் கணக்கில் கட்டணத்துக்கு மேல் கட்டணம் ஏற்றுவதால் தொகை பெருகுமே தவிர வரவு பெருகாது. அசலைத் தனியாக நிறுத்தி, அவரால் முடிந்த தவணையைக் கேட்டு வாங்குவதே மேல்.

மூன்றாவது, பாக்கி விவரம் உரியவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். பழைய விலாசத்துக்குச் சீட்டு அனுப்பிவிட்டு ஆளைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை.

நான்காவது, ஒரு வரவை நிறுத்துவதற்கு முன் அதை நம்பி இருப்பவர்களுக்கு மாற்று வழி தேட வேண்டும். டெக்சாஸ் மருத்துவமனைகளுக்குத் தேடியது போல.

ஐந்தாவது, எல்லாவற்றையும்விட முக்கியமானது, பிழைப்புக் கருவியில் கை வைக்கக் கூடாது. தராசு, தள்ளுவண்டி, மாவு அரைக்கும் இயந்திரம், சரக்கு ஆட்டோ எதுவானாலும், பாக்கி அடைவது அதைக் கொண்டுதான்.

அந்தக் கடைக்காரர் பிறகு வேறு ஊருக்குப் போய்விட்டார். தராசைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று நான் தேடிப் போனபோது வீட்டில் வேறு குடித்தனம் இருந்தது. அரசுகளாவது சட்டம் போட்டுத் தங்கள் தவற்றைத் திருத்திக்கொள்ள முடிந்தது. எனக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. அதன் பிறகு இன்றுவரை, எந்தப் பாக்கிக்காகவும் எவருடைய தொழில் கருவியையும் நான் தொட்டதில்லை. இளைய வியாபாரிகள் இதை என் அனுபவத்திலிருந்தே கற்றுக்கொள்ளட்டும்.